கோத் தூ ரோன் சிவப்பு: கலவை ஒயின் என்றால் மட்டமா? கூட என்ன சாப்பிடலாம்?

மார்ச் 2, இரவு 9.10 (கேள்வி)

“பிரான்சின் ரோன் பள்ளத்தாக்கு ஒயினான கோத் தூ ரோன் சிவப்பு ஒரு பாட்டில் கைக்கு வந்திருக்கிறது. பின்பக்க அட்டையில் கிரெனாஷ், சிரா, மூர்வெத்ர் என்று மூன்று திராட்சைகளின் பெயர். மூன்றைச் சேர்த்து ஊற்றுகிறார்கள் என்றாலே, தனியாக நிற்க வக்கில்லாததை ஒன்றாகக் கொட்டியிருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். நல்ல ஒயின் ஒரே திராட்சையில்தான் வரும். அது போகட்டும், வாங்கியாயிற்று. இதோடு சுட்ட மாட்டிறைச்சி தவிர வேறென்ன சாப்பிடலாம்? சிவப்பு ஒயினுக்குச் சிவப்பு இறைச்சி என்பதைத் தாண்டி யாரும் வாய் திறப்பதில்லை.”

மார்ச் 2, இரவு 10.35

சாப்பாட்டுக்கு நாளை வருகிறேன். முதலில் அந்த ‘ஒன்றாகக் கொட்டியது’.

ஐரோப்பிய ஒன்றியத்தில் அட்டையில் ஒரே ஒரு திராட்சையின் பெயரைப் போட, அந்தத் திராட்சை 85 சதவீதம் இருந்தால் போதும். மீதி 15-இல் வேறு எதையும் சேர்க்கலாம், சொல்லவும் வேண்டாம். ஆக, நீங்கள் ஒரே திராட்சை என்று நம்பிக் குடித்தவற்றிலும் கலவை இருந்திருக்கலாம். ரோன் பள்ளத்தாக்கின் வடக்கே கோத்-ரோத்தி என்று ஓர் ஊர்ப் பெயர் ஒயின் இருக்கிறது. சிராவுக்குக் கோயில் கட்டாத குறை. அங்கேயே சிவப்பு ஒயினில் 20 சதவீதம் வரை வியோஞ்ஞே என்ற வெள்ளைத் திராட்சை சேர்க்க விதி இடம் கொடுக்கிறது. போர்தோவைப் பற்றிப் பேசவே வேண்டாம், அங்கே கலக்காத சிவப்பைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

தெற்கு ரோனில் கலப்பதற்குக் காரணம் கிரெனாஷின் குணம். வெயில் இருந்தால் போதும், சர்க்கரையை ஏற்றிக்கொண்டே போகும். ஆல்கஹால் 14, 15 சதவீதம் அங்கே சாதாரணம். பழச்சுவை வாயை நிறைக்கும். ஆனால் தோல் மெல்லிசு, அதனால் நிறமும் துவர்ப்பும் குறைவு. புளிப்பும் குறைவு. காற்றுப் பட்டால் சீக்கிரம் பழுப்பேறி வாடிவிடும். சிரா வந்து நிறத்தையும் துவர்ப்பையும் மிளகு வாசனையையும் தருகிறது. மூர்வெத்ர் கெட்டித் தோல்காரன், எல்லாருக்கும் பிந்திப் பழுப்பவன், காற்றை எதிர்த்து நிற்பவன். கிரெனாஷ் காற்றுக்குப் பயப்படும், மூர்வெத்ர் காற்று வேண்டும் என்று கேட்கும். இரண்டையும் ஒரே தொட்டியில் வைத்தால் ஒன்றின் குறையை மற்றொன்று அடைக்கிறது. கொட்டிக் கலப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டா இல்லையா?

பயிர்க் கணக்கும் இருக்கிறது. கிரெனாஷுக்குப் பூக்கும் நேரத்தில் மழையோ குளிரோ வந்தால் பூ உதிர்ந்து கொத்தே காலியாகிவிடும். மூன்றும் வேறு வேறு நேரத்தில் பழுக்கிற திராட்சைகள். ஒன்றை மழை கெடுத்தால் மற்றது தப்பிக்கும்.

மார்ச் 2, இரவு 11.02

யாராவது வந்து ‘ஷாத்தோ ராயாஸ்’ என்று எழுதுவதற்குள் நானே எழுதிவிடுகிறேன். ஆமாம், தெற்கு ரோனின் ஷாத்தோநெஃப்-தூ-பாப் ஊரில் அந்தத் தோட்டத்தாரின் சிவப்பு முழுக்க முழுக்க கிரெனாஷ். மணல் நிலம், மரங்கள் சூழ்ந்த சிறு தோட்டங்கள், உலகமே தேடுகிற ஒயின். அதே ஊரில் ஷாத்தோ த போகாஸ்தெல் அனுமதிக்கப்பட்ட 13 திராட்சைகளையும் வளர்க்கிறது, கலவையில் மூர்வெத்ருக்குப் பெரும் பங்கு. இரண்டும் ஒரே பெயரில்தான் விற்கிறது. அந்த ஊர் விதியில் எது எத்தனை சதவீதம் என்ற கட்டாயமே கிடையாது.

மார்ச் 3, காலை 7.50

சரி, சாப்பாடு.

துவர்ப்பு நாக்கில் என்ன செய்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். எச்சிலில் வழவழப்புக்கென்று சில புரதங்கள் இருக்கின்றன. துவர்ப்பைத் தருகிற டானின் அவற்றைப் பிடித்துக்கொள்கிறது, வழவழப்புப் போய் வாய் உலர்கிறது. கொழுப்பும் புரதமும் உள்ள இறைச்சியை மென்று கொண்டே குடித்தால் டானினுக்குப் பிடிக்க வேறு ஆள் கிடைத்துவிடுகிறது, எச்சில் தப்பிக்கிறது. சிவப்புக்குச் சிவப்பு என்பதன் அடிப்படை இவ்வளவுதான். கறியின் நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உப்புக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. உப்புப் போடாத இறைச்சித் துண்டு ஒன்று, போட்டது ஒன்று, இரண்டையும் ஒரே ஒயினோடு தின்று பாருங்கள். உப்பில்லாததோடு ஒயின் கசக்கும்.

இப்போது உங்கள் பாட்டில். கிரெனாஷ் முன்னால் நிற்கும் கலவையில் துவர்ப்பு நடுத்தரம்தான். கரகரவென்று மேலே கருகி உள்ளே ரத்தம் கசியச் சுட்ட தடித்த மாட்டிறைச்சியைப் பக்கத்தில் வைத்தால் ஒயின் வெறும் பழச்சாறாகிவிடும், கூடவே ஆல்கஹால் நெடி மட்டும் மூக்கில் ஏறும். அந்த இறைச்சிக்குத் துவர்ப்பு கூடிய வேறு ஒயின் ஆயிரம் இருக்கிறது. இதற்கு வேண்டியது சிறுதீயில் நெடுநேரம் வெந்து, நார் நாராய்ப் பிரிந்து, தன் சாற்றிலேயே ஊறிய இறைச்சி. அந்த ஊர்க்காரர்கள் செய்வதும் அதுதான். தோப் என்பார்கள். எழுத நேரம் வேண்டும், மாலையில் பார்க்கலாம்.

மார்ச் 3, பகல் 1.15

ஒரு வரி: பாட்டிலைக் குளிர்பெட்டியில் அரைமணி நேரம் வைத்துவிட்டுத் திறவுங்கள். 16 டிகிரி போதும். ‘சிவப்பு ஒயின் அறை வெப்பத்தில்’ என்று சொன்ன காலத்தில் அறைகள் குளிராக இருந்தன. 24 டிகிரியில் 14.5 சதவீத கிரெனாஷ் இருமல் மருந்து.

மார்ச் 3, இரவு 10.20

தோப். மாட்டின் கன்னப் பகுதியோ கால் பகுதியோ, ஜவ்வு அதிகம் உள்ள துண்டம். இரவு முழுக்கச் சிவப்பு ஒயினில் வெங்காயம், கேரட், பூண்டு, தைம், பிரிஞ்சி இலை, ஓரிரண்டு கிராம்போடு ஊறும். அப்புறம் மூடிய சட்டியில் மூன்று, நான்கு மணி நேரம், கொதி வந்தும் வராமலும். கடைசியில் கருப்பு ஆலிவ். இது எல்லாவற்றையும் விட எனக்கு முக்கியமாகப் படுவது, கூடப் போடுகிற ஆரஞ்சுத் தோல். வெள்ளைப் பாகம் ஒட்டாமல் சீவிய ஒரு பட்டை போதும். அதைப் போடாமலும் செய்து பார்த்தேன், சாறு கனமாக, தூங்கி வழிகிற மாதிரி இருந்தது. போட்டபோது ஒயினில் இருக்கிற புளிப்புக் குறை கண்ணுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அந்த வேலையைச் சட்டியிலிருந்து ஆரஞ்சு பார்த்துக்கொண்டது.

செய்த அன்றே சாப்பிடாதீர்கள். இரவு குளிரில் வைத்தால் காலையில் மேலே கொழுப்பு வெள்ளை வட்டமாய் உறைந்திருக்கும். விரல் நகத்தால் ஓரத்தைக் கிளப்பினால் முழுத் தட்டாக வரும். அதில் முக்கால்வாசியை எடுத்துவிட்டு, கால்வாசியை விட்டுவைத்துச் சூடாக்குங்கள். முழுக்க எடுத்தால் துவர்ப்பு தலை தூக்கும், முழுக்க விட்டால் ஒயின் மழுங்கும். கீழே சாறு ஜெல்லியாய் நிற்கும். ஜவ்வு கரைந்து வந்த அந்தப் பிசுபிசுப்புதான் கிரெனாஷின் உருண்டையான உடம்புக்குச் சரியான ஜோடி. உதட்டில் லேசாக ஒட்ட வேண்டும், அதுதான் பதம்.

ரோன் கடலைத் தொடுகிற காமார்க் பக்கம் இதையே அங்கத்திய கருங்காளை இறைச்சியில் செய்கிறார்கள். கார்தியான் என்று பெயர். காமார்க் காளை இறைச்சிக்கு 1996 முதல் ஒயினுக்கு இருப்பது போலவே பிறப்பிடப் பாதுகாப்புப் பட்டம் உண்டு. கூட அதே ஊர் அரிசிச் சோறு. ஒயினோடு சோறா என்று புருவம் தூக்குபவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

மார்ச் 4, காலை 8.05

“சட்டிக்குள் ஊற்றுகிற ஒயினும் குடிக்கிற ஒயினும் ஒன்றாக இருக்க வேண்டுமா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம். நான்கு மணி நேரம் வெந்த பின் நுணுக்கம் எல்லாம் புகைபோக்கி வழியாகப் போயாயிற்று. ஒரே மாதிரி ரகமாக இருந்தால் போதும், கெட்டுப்போகாமல் இருந்தால் போதும். ஜிகொந்தாஸ் போன்ற நல்ல தெற்கு ரோன் ஒயினைச் சட்டியில் கவிழ்ப்பவரைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு வலிக்கும்.

மார்ச் 4, இரவு 9.45

மிளகு பற்றி நேற்று முன்தினம் போகிறபோக்கில் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, “என் சிராவில் மிளகே இல்லை, கதை விடுகிறீர்கள்” என்று ஒருவர். கதை இல்லை. சிராவின் மிளகு வாசனைக்குக் காரணமான ரோட்டண்டோன் என்ற பொருளை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்டார்கள். நம் மிளகில் இருப்பதும் அதே பொருள்தான். வேடிக்கை என்னவென்றால், அவர்கள் சோதித்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அது சோதித்ததிலேயே மிக அதிக அடர்த்தியிலும் மூக்குக்கு எட்டவில்லை. ஐந்து பேர் உட்கார்ந்த மேசையில் நான்கு பேர் “மிளகு, மிளகு” என்று கூவ, ஐந்தாமவர் இவர்களுக்குப் பைத்தியம் என்று நினைப்பதில் நியாயம் இருக்கிறது. இன்னொரு காரணமும் இருக்கலாம்: குளிர்ந்த இடத்தில் மெதுவாகப் பழுத்த சிராவில்தான் அது அதிகம். தெற்கின் வெயிலில் குறைந்துவிடும்.

சாப்பாட்டுக்கு இதிலிருந்து ஒரு குறிப்பு. மிளகு தூக்கலாகத் தெரியும் பாட்டில் என்றால் இறைச்சியில் மிளகை வாரிப் போடாதீர்கள். ‘மிளகுக்கு மிளகு’ என்று சேர்த்தால் இரண்டும் கூடும் என்று எழுதுகிறார்கள். என் அனுபவத்தில் சட்டியின் மிளகு ஜெயித்துவிடும், ஒயினில் இருந்தது காணாமல் போகும். தைம், ரோஸ்மேரி வேறு கதை. அவை ஒயினோடு மோதுவதில்லை, கை கோத்துக்கொள்கின்றன.

தைம் என்றதும் ஞாபகம் வருகிறது. ஷாத்தோநெஃப்-தூ-பாப்புக்கு 1923-இல் விதி எழுதியவர் ஷாத்தோ ஃபோர்த்தியாவின் பாரோன் பியேர் லெ ருவா. முதல் உலகப் போரில் விமானம் ஓட்டியவர், சட்டம் படித்தவர். எந்த நிலத்தில் திராட்சை போடலாம் என்பதற்கு அவர் வைத்த அடையாளம், லாவெண்டரும் தைமும் வளர்கிற வறண்ட நிலமாக இருக்க வேண்டும் என்பது. மண்ணைப் பார்க்க இதைவிடச் சிக்கனமான பரிசோதனை கிடையாது. பிற்பாடு 1936-இல் பிரான்சின் முதல் பிறப்பிடப் பட்டங்களில் ஒன்றாக அந்த ஊர்ப் பெயரும் வந்தது.

மார்ச் 4, இரவு 10.01

அதே ஊரில் 1954-இல் மேயர் ஒரு உத்தரவு போட்டார்: பறக்கும் தட்டுகள் ஊர் எல்லைக்குள் இறங்கக் கூடாது, இறங்கினால் பறிமுதல். விளம்பரத்துக்காகச் செய்தது, பலித்தது. இன்றுவரை ஒரு தட்டும் இறங்கவில்லை.

மார்ச் 6, மாலை 6.30

“மீன்?” என்று ஒற்றைச் சொல் கேள்வி. விரிவாகச் சொல்ல வேண்டிய விஷயம்.

சிவப்பு ஒயினோடு மீன் தின்றால் சில சமயம் வாயில் துருப்பிடித்த ஆணியும் பழைய மீனும் சேர்ந்த மாதிரி ஒரு வாடை நிற்கும். துவர்ப்புதான் காரணம் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் உலர்ந்த சிப்பிச் சதையை வைத்து நிறைய ஒயின்களைச் சோதித்து, குற்றவாளி இரும்பு என்றார்கள். ஒயினில் கரைந்திருக்கும் இரும்பு கூடினால் அந்த வாடையும் கூடுகிறது. இரும்பைக் கட்டிப்போட்டால் வாடை குறைகிறது. இரும்பு எவ்வளவு இருக்கும் என்பது மண், கருவி, தயாரிப்பு என்று பலதைப் பொறுத்தது, அட்டையில் போடுவதில்லை. அதனால் மீனோடு சிவப்பு ஒயின் ஒரு சூதாட்டம். ஒரே மீன் ஒரு பாட்டிலோடு பிரமாதமாகவும் இன்னொன்றோடு சகிக்காமலும் போவதற்கு இதுவே காரணம்.

ஆனால் தெற்கு பிரான்சின் புரோவான்ஸ் சமையலில் மீன் வேறு வேடத்தில் வருகிறது. உப்பிட்ட நெத்திலியும் கருப்பு ஆலிவும் கேப்பர் மொட்டும் ஆலிவ் எண்ணெய் விட்டு இடித்தால் தப்பநாட். ரொட்டியில் தடவித் தின்பது. அதில் நெத்திலி மீனாக இருப்பதில்லை, உப்பாக இருக்கிறது. கிரெனாஷ் கலவையோடு இதைத் தயக்கமில்லாமல் சாப்பிடலாம். நியோன்ஸ் ஆலிவ் கிடைத்தால் இன்னும் நல்லது. தெற்கு ரோனின் வடகிழக்கு ஓரத்து ஊர் அது. குளிர் பட்டுத் தோல் சுருங்கி, கருப்பும் பழுப்புமாய் இருக்கும் ஆலிவ். கசப்பு குறைவு, எண்ணெய்ப்பசை அதிகம். ஒன்றை வாயில் போட்டுச் சதையைப் பல்லால் வழித்துவிட்டு, கொட்டையை ஒதுக்கிக்கொண்டு ஒரு வாய் குடியுங்கள். ஒயினில் பழம் திடீரென்று முன்னால் வரும். உப்பும் எண்ணெயும் சேர்ந்து செய்கிற வேலை அது. இந்த ஒயினுக்கு எது பொருந்தும் என்று யாராவது ஒரே வார்த்தையில் கேட்டால் நான் இறைச்சி என்று சொல்ல மாட்டேன், ஆலிவ் என்பேன்.

மார்ச் 6, இரவு 11.20

இதை எழுதிவிட்டு யோசித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் தேதி காலையில் சுட்ட மாட்டிறைச்சியை ஒரேயடியாகத் தள்ளிவைத்தது கொஞ்சம் அதிகம். கலவையில் யார் முன்னால் நிற்கிறார் என்பதைப் பார்க்காமல் அப்படிச் சொல்லக் கூடாது. கிரெனாஷ் முன்னால் என்றால் நான் சொன்னது சரி. சிரா பாதிக்கு மேல் போய்விட்டால் துவர்ப்பும் புளிப்பும் கூடும், சுட்ட இறைச்சி தாங்கும். மூர்வெத்ர் முன்னால் வந்தால் ஆட்டமே வேறு. மத்தியதரைக் கடலோரத்து பந்தோலில் சிவப்பு ஒயினில் பாதியாவது மூர்வெத்ர் இருந்தாக வேண்டும், 18 மாதம் மரத்தொட்டியில் இருந்தாக வேண்டும். இளசாகத் திறந்தால் வாயைக் கட்டிப்போடும். வயதானால் தோல், காட்டு மண், உலர்ந்த இறைச்சி என்று வாசனை திரும்பும். அதற்குக் காட்டுப்பன்றியோ, ரோஸ்மேரி சொருகி நெருப்பில் சுட்ட ஆட்டுத் தொடையோ கேட்கிறது.

அட்டையில் பெயர்கள் வரிசையாக இருந்தால், முதலில் வருவதுதான் அதிகம் என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் பாட்டிலில் கிரெனாஷ் முதலில். எனவே ஆட்டின் முன்னந்தொடை என்றால் சிறுதீயில், மாடு என்றால் தோப், கோழி என்றால் பூண்டும் தைமும் போட்டுத் தோலோடு வாட்டியது. பன்றியும் சரி.

மார்ச் 7, காலை 7.15

“மூர்வெத்ரில் தொழுவ வாடை வந்தது. அதுதான் மண்ணின் குணம் என்று விற்றவர் சொன்னார்.” அப்படித்தான் சொல்வார்கள். மூர்வெத்ருக்கு இறைச்சி வாடை இயல்பு. மூச்சுவிட இடம் கொடுத்தால், ஒரு மணி நேரம் அகன்ற குடுவையில் வைத்தால், பெரும்பாலும் தெளியும். குதிரை வியர்வை, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி வாடை என்றால் அது பிரெட்டனோமைசஸ் என்ற ஈஸ்ட் பண்ணிய வேலை, மண்ணுக்குப் பங்கில்லை. கொஞ்சம் இருந்தால் சிலருக்குப் பிடிக்கும். எனக்கு லேசாக இருந்தால் ஆட்சேபம் இல்லை, தோபோடு அது கரைந்துவிடும். பழத்தையே மூடுகிற அளவு என்றால் பாட்டிலைத் திருப்பிக் கொடுங்கள்.

மார்ச் 9, இரவு 8.50

காரம். வரவேண்டிய கேள்விதான், வந்துவிட்டது.

மிளகாய்க் காரமும் கிரெனாஷும் ஜன்ம விரோதிகள். சூட்டை உணர்த்துகிற அதே நரம்புக் கதவுதான் மிளகாய் எரிச்சலையும் உணர்த்துகிறது. ஆல்கஹால் அந்தக் கதவை இன்னும் குறைந்த வெப்பத்திலேயே திறக்க வைக்கிறது. 15 சதவீத ஒயினை மேலே ஊற்றினால் எரிச்சல் அணையாது, ஏறும். துவர்ப்பும் சேர்ந்து நாக்கை உரசும். சமாளித்துக்கொள்வேன் என்பவர்கள் சமாளிக்கலாம், ஆனால் அந்த நேரத்தில் ஒயினில் என்ன இருந்தது என்று கேட்டால் பதில் இருக்காது.

இனிப்பு அடுத்த எதிரி. தேன் தடவிய, சர்க்கரை கருகிய இறைச்சியோடு குடித்தால் ஒயினின் பழமெல்லாம் வடிந்து, புளிப்பும் கசப்பும் மட்டும் மிஞ்சும். கூனைப்பூவும் (ஆர்டிச்சோக்) அப்படியே, வேறு வழியில். அதிலிருக்கும் சைனரின் பிறகு வருவதையெல்லாம் இனிப்பாகக் காட்டும், தண்ணீர் கூட இனிக்கும். ஒயின் அசட்டுத்தித்திப்பாகிவிடும்.

மார்ச் 9, இரவு 9.30

காய்கறிக்காரர்களை மறந்துவிட்டோம். ரத்தாத்தூய் நன்றாகப் பொருந்தும், ஒரு நிபந்தனையோடு: கத்தரிக்காய், பூசணி இனத்து ஸுக்கினி, குடைமிளகாய் ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஆலிவ் எண்ணெயில் நிறம் வரும்வரை வதக்கிவிட்டுத் தக்காளியோடு சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வேகவைத்தால் தண்ணீர் விட்டு, தக்காளியின் புளிப்பு மட்டும் மேலே நிற்கும். கிரெனாஷில் அதைத் தாங்கும் புளிப்பு கிடையாது, ஒயின் சப்பென்றாகிவிடும். கத்தரிக்காய் ஓரம் பழுப்பாகும்வரை பொறுமையாக இருந்தால் இறைச்சியைத் தேட வேண்டாம். நான் செய்வதில் கத்தரிக்காய்தான் பாதி.

காளானும் அப்படித்தான். ஆனால் காளானின் அந்த ஆழ்ந்த சுவை ஒயினைக் கசப்பாகக் காட்டும் தன்மை உடையது, தாராளமாக உப்புப் போட்டால் சரியாகிவிடும்.

மார்ச் 12, இரவு 10.10

பாலாடைக்கட்டி. சிவப்பு ஒயினும் பாலாடைக்கட்டியும் என்று படம் போட்டுப் போட்டு எல்லாரையும் நம்பவைத்திருக்கிறார்கள். என் நாக்குக்கு இந்தக் கலவையோடு பெரும்பாலான பாலாடைக்கட்டிகள் ஒத்துப்போவதில்லை. வழிகிற மாதிரி பழுத்ததோடு குடித்தால் சோப்பு மாதிரி ஒரு கசப்பு. நீலப் பூசணம் வைத்ததோடு ஒயின் தோற்கும்.

அந்தப் பக்கத்து ஆட்டுப்பால் கட்டிகள் இரண்டு உண்டு. பிக்கொதோன் என்பது உள்ளங்கையில் அடங்கும் சிறு வில்லை. இளசாக இருந்தால் புளிப்பு, அதற்கு வெள்ளை ஒயின்தான். நன்றாக உலர்ந்து, கத்தி வைத்தால் பொடிகிற பதத்தில் உப்பும் காரமும் ஏறியிருக்கும், அப்போது சிவப்பு பொருந்தும். இன்னொன்று பானோன். அதைப் பொதிகிற இலையைப் பாக்குக்கொட்டை மரத்துச் சருகு என்று தவறாக ஒருவர் எழுதியிருந்தார். அது கஷ்கொட்டை இலை. இலையில் பொதிந்து ராஃபியா நாரால் கட்டியிருப்பார்கள். இலையைப் பிரித்தால் உள்ளே குழைந்து கிடக்கும், கரண்டியால் எடுக்கலாம். எனக்குப் பிடித்த கட்டி, ஆனால் இந்த ஒயினோடு இல்லை. தனியாகத் தின்னுங்கள்.

மார்ச் 12, இரவு 10.40

சாக்லேட் பற்றிக் கேட்டவருக்கு: இந்தப் பாட்டிலோடு வேண்டாம். இனிப்பு பற்றி ஒன்பதாம் தேதி சொன்னதே காரணம். ஆனால் அதே கிரெனாஷில், அதே தெற்கு ரோனின் ராஸ்தோ ஊரில், இனிப்பு ஒயின் ஒன்று செய்கிறார்கள். நொதிக்கும்போதே திராட்சைச் சாராயத்தை ஊற்றி நொதிப்பை நிறுத்திவிடுவார்கள். சர்க்கரை மிஞ்சி நிற்கும். 1944 முதல் அதற்குப் பட்டம் உண்டு. உலர் சிவப்பு ராஸ்தோவுக்குத் தனிப் பட்டம் கிடைக்கவே 2010 ஆயிற்று. கசப்பான கருஞ்சாக்லேட்டுக்கு அந்த இனிப்பு ராஸ்தோவைக் குடியுங்கள். கொஞ்சமாக. தூங்கப் போக வேண்டுமல்லவா.

மார்ச் 15, காலை 9.20

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். ஆட்டின் முன்னந்தொடையைப் பூண்டும் தைமும் போட்டு மூடிய சட்டியில் ஐந்து மணி நேரம் வைத்தாராம், ஒயினைக் குளிரவைத்தாராம், “நன்றாகத்தான் இருந்தது, ஆனாலும் ஒரே திராட்சை ஒயின்தான் உசத்தி” என்கிறார். சரி, அந்த வாதத்தை விடுகிறேன். ராயாஸ் குடிக்கும் வசதி வரும்போது என்னையும் கூப்பிடுங்கள்.

அவருக்கு இப்போது பிரச்சினை மிச்சமான அரைப் பாட்டில். கார்க்கைத் திருப்பிச் செருகி, குளிர்பெட்டியில் நிற்க வையுங்கள், படுக்க வைக்காதீர்கள். காற்றுப் படும் பரப்பு குறைவாக இருக்க வேண்டும். சின்னப் பாட்டில் இருந்தால் அதில் கழுத்துவரை ஊற்றி மூடுவது இன்னும் மேல். முதல் நாளே சொன்ன மாதிரி கிரெனாஷ் காற்றுக்குப் பயப்படும். நாளை மாலைக்குள் முடித்துவிடுங்கள், அதற்குமேல் பழவாசனை போய் காய்ந்த அத்தி மாதிரி ஆகும். மூர்வெத்ர் அதிகமாக இருந்தால் மறுநாள்தான் பேசவே ஆரம்பிக்கும், அது வேறு. மறுநாளும் முடியவில்லை என்றால் வெங்காயம் நறுக்கி, ஆரஞ்சுத் தோல் சீவி, தோபுக்கு ஊறப்போடுங்கள். முகர்ந்து பார்த்துவிட்டு ஊற்றுங்கள். வினிகர் வாடை வந்துவிட்டதைச் சட்டியில் விடாதீர்கள், சாறு சுண்டச் சுண்டப் புளிப்பு கூடும்.